சின்ன ஹாலுக்குச் சின்ன ஸ்பீக்கர்: குறைந்த செலவில் ஹோம் தியேட்டர் அமைப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

ஃபிளாட்களில் ஹால் என்பது பெரும்பாலும் பத்துக்குப் பன்னிரண்டு அடிதான். ஒரு சுவரில் டிவி, எதிர்ச் சுவரில் சோஃபா, நடுவில் நடக்க வழி. அந்த இடத்துக்குள், கையைக் கடிக்காத செலவில், படம் பார்க்க நல்ல ஒலி வேண்டும் என்பவர்களுக்காக இதை எழுதியிருக்கிறேன். தனி அறையே ஒதுக்கப்போகிறவர்களுக்கு இதில் பாதி பொருந்தாது.

டிவியிலேயே ஸ்பீக்கர் இருக்கிறதே, தனியாக எதற்கு?

முதல் காரணம் வசனம். இப்போதைய டிவிக்கள் ஒல்லியாக இருப்பதால் ஸ்பீக்கரை முன்பக்கம் வைக்க இடமில்லை. அது கீழ்ப் பார்த்தோ பின்பக்கம் பார்த்தோ இருக்கிறது. ஒலி சுவரிலும் டிவி ஸ்டாண்டிலும் மோதித்தான் நம்மிடம் வருகிறது. இதில் முதலில் மங்குவது ச, ஸ, த, ப போன்ற மெய்யொலிகள். வார்த்தையை வார்த்தையாகப் பிரித்துக் காட்டுபவை அவைதான். அதனால் பேசும் காட்சியில் ரிமோட்டில் சத்தத்தைக் கூட்டுகிறோம், சண்டை வந்ததும் அவசரமாகக் குறைக்கிறோம். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இந்தத் தொல்லை இன்னும் அதிகம்.

ஆகவே கீழே வரும் எல்லாப் பதில்களிலும் நான் முதலில் பார்ப்பது வசனம் தெளிவாகக் கேட்கிறதா என்பதைத்தான். ஜன்னல் அதிர்வது அதற்கு அப்புறம்.

எத்தனை வாட்ஸ் வாங்க வேண்டும்? பெட்டியில் பத்தாயிரம் வாட்ஸ் என்று போட்டிருக்கிறார்களே?

அந்தப் பத்தாயிரம் பிஎம்பிஓ கணக்கு, அதாவது கண நேர உச்சம் என்று விளம்பரத்துக்குப் போடுவது. அதற்குப் பொதுவான அளவுமுறை எதுவும் கிடையாது. அதை அப்படியே தள்ளிவிட்டு ஆர்எம்எஸ் வாட்ஸ் (தொடர்ந்து தரக்கூடியது) எவ்வளவு என்று பாருங்கள். ஆனால் அதைவிட முக்கியமான ஓர் எண் ஸ்பீக்கரின் விவரத்தாளில் இருக்கும்: சென்சிட்டிவிட்டி. 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் வரும் என்பது அது. சின்ன ஸ்பீக்கர்களில் பெரும்பாலும் 83 முதல் 88 வரை இருக்கும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 86 டெசிபல் ஸ்பீக்கர், சோஃபா 3 மீட்டர் தள்ளி. திறந்தவெளியில் அந்தத் தூரத்தில் 76 டெசிபல் அளவுக்கு இறங்கிவிடும். அறைக்குள் சுவர்கள் கொஞ்சம் திருப்பித் தருவதால் 79, 80 என்று வைத்துக்கொள்ளுங்கள். வெறும் 1 வாட்டில் இது! எதிரில் இருப்பவர் சாதாரணமாகப் பேசுவது 60 டெசிபல் அளவுதான். வாட்ஸ் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் 3 டெசிபல் கூடும். அப்படியானால் 32 வாட்டில் 95 டெசிபல். சின்ன ஹாலில் வெடிச் சத்தத்துக்கு அதுவே தாராளம்.

இதையே திருப்பிப் பார்த்தால், 83 டெசிபல் ஸ்பீக்கருக்கு அதே சத்தம் தர இரண்டு மடங்கு வாட்ஸ் வேண்டும். ஆம்ப்ளிஃபயரில் செலவைக் குறைக்க நினைப்பவர்கள் சென்சிட்டிவிட்டி கூடுதலாக உள்ள ஸ்பீக்கரைத் தேடுவது நல்லது. கூடவே ஓம்ஸையும் (ஸ்பீக்கரின் மின்தடை அளவு) பாருங்கள். விலை குறைந்த ரிசீவர்களுக்கு (ஒலியைப் பிரித்து ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும், ஆம்ப்ளிஃபயரும் சேர்ந்த பெட்டி) 6 அல்லது 8 ஓம்ஸ் ஸ்பீக்கர்தான் பாதுகாப்பு. 4 ஓம்ஸ் ஸ்பீக்கரைச் சத்தமாக ஓட்டினால் ரிசீவர் சூடேறி நின்றுபோகும்.

சின்ன ஸ்பீக்கரில் பேஸ் (ஆழ்ந்த, கனத்த ஒலி) வராது என்கிறார்கள். உண்மையா?

உண்மைதான், அது இயற்பியலோடு வந்த கட்டுப்பாடு. அமெரிக்காவில் கேஎல்எச் நிறுவனத்தைத் தொடங்கிய மூவரில் ஒருவரான ஹாஃப்மனின் பெயரில் ஒரு விதி உண்டு. பெட்டி சின்னதாக இருக்க வேண்டும், ஆழமான பேஸ் வர வேண்டும், குறைந்த வாட்டில் சத்தம் வர வேண்டும். இந்த மூன்றில் இரண்டைத்தான் ஒரு ஸ்பீக்கரால் தர முடியும். எட்கர் வில்ச்சர் 1954-இல் ஏஆர்-1 என்ற ஸ்பீக்கரைக் கொண்டுவந்தபோது, காற்றுப் புகாமல் மூடிய சின்னப் பெட்டியில் ஆழமான பேஸைக் கொண்டுவந்து எல்லாரையும் திரும்பிப் பார்க்க வைத்தார். ஆனால் அதற்கு விலையாகச் சென்சிட்டிவிட்டி குறைந்தது, பெரிய ஆம்ப்ளிஃபயர் தேவைப்பட்டது.

கோன் எனப்படும் அந்தக் கூம்புத்தாள் காற்றைத் தள்ளுவதால்தான் ஒலி. அதிர்வெண் பாதியாகக் குறையும்போது அதே சத்தத்துக்குக் கோன் நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் போய்வர வேண்டும். 3 அங்குலக் கோனிடம் 40 ஹெர்ட்ஸ் கேட்பது, உள்ளங்கையால் வீசி அறை முழுவதும் காற்று வரவேண்டும் என்று எதிர்பார்ப்பது மாதிரி. அது திணறும், திணறும்போது கூடவே வருகிற குரலையும் கெடுக்கும்.

அதனால்தான் சப் ஊஃபர், அதாவது பேஸுக்கென்றே தனிப் பெட்டி. ரிசீவரில் எல்லா ஸ்பீக்கரையும் ‘ஸ்மால்’ என்று அமைத்து, கிராஸ்ஓவரை (ஒலியைப் பிரிக்கும் எல்லை) 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். அதற்குக் கீழுள்ளது முழுவதும் சப்புக்குப் போய்விடும். சின்ன ஸ்பீக்கர் தன்னால் முடிந்ததை மட்டும் நிம்மதியாகச் செய்யும். ரொம்பச் சின்னதாக இருந்தால் 100 அல்லது 120 வரை ஏற்றலாம்.

அப்படியென்றால் உள்ளங்கை அளவு ஸ்பீக்கர்கூடப் போதுமே?

போஸ் நிறுவனம் 1987-இல் அகூஸ்டிமாஸ் செட்டைக் கொண்டுவந்தது முதல் அந்த ஆசை உலகம் முழுவதும் பரவிவிட்டது. குட்டிக் கனசதுரங்கள் கண்ணுக்குத் தெரியும்படி இருக்கும், பேஸ் பெட்டி சோஃபாவுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். பார்க்க அழகு. சிக்கல் எங்கே என்றால், 2, 3 அங்குலக் கோனால் 150, 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே நிறைவாக இறங்க முடியாது. பெரும்பாலான ஆண் குரல்களின் அடித்தளம் 100-லிருந்து 150 ஹெர்ட்ஸுக்குள் இருக்கிறது. ஆக, கதாநாயகன் பேசுவதில் ஒரு பகுதி மூலையிலுள்ள சப்பிலிருந்து வரும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதைக் காது அவ்வளவாகக் கண்டுபிடிக்காது. 200-இல் நன்றாகவே கண்டுபிடித்துவிடும்.

என் கணிப்பில் முன் ஸ்பீக்கர்களுக்கு 4 முதல் 5¼ அங்குல மிட் ஊஃபரும் (குரலும் பேஸும் தரும் கோன்) ஓர் அங்குல ட்வீட்டரும் (கீச்சொலி தருவது) குறைந்தபட்சம். இது சமரசமே இல்லை. பிபிசி தன் வெளிப்புற ஒலிபரப்பு வண்டிகளுக்காக 1970-களில் வடிவமைத்த எல்எஸ்3/5ஏ ஸ்பீக்கர் ஏறக்குறைய ஓர் அடி உயரமும் 19 சென்டிமீட்டர் அகலமும் கொண்டது. அதில் இருந்ததும் 5 அங்குல ஊஃபர்தான். பேச்சுக் குரலை அது தரும் தெளிவுக்காக இன்றும் தேடிப்பிடித்து வாங்குகிறார்கள். அந்த அளவுப் பெட்டி டிவி ஸ்டாண்டில் தாராளமாக உட்காரும்.

5.1 முழு செட்டாக வாங்குவதா, ஒவ்வொன்றாகச் சேர்ப்பதா?

ஒவ்வொன்றாக. 5.1 என்றால் முன்னால் இடம், வலம், நடுவில் சென்டர், பின்னால் இரண்டு என ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்பும். ஐந்து சுமாரான ஸ்பீக்கரைவிட இரண்டு நல்ல ஸ்பீக்கர் மேல், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. முதல் மாதம் ஒரு 5.1 ரிசீவரும் ஒரு ஜோடி புத்தக அலமாரி ஸ்பீக்கரும் போதும். ரிசீவரில் சென்டர் இல்லை என்று அமைத்துவிட்டால் சென்டருக்கான வசனத்தை அதுவே இடத்துக்கும் வலத்துக்கும் பிரித்துக் கொடுத்துவிடும், எதுவும் தொலையாது. பிறகு சென்டர், பிறகு சப், கடைசியாகப் பின் ஸ்பீக்கர்கள்.

மொத்தம் நூறு ரூபாய் என்றால் முன்பக்க மூன்றுக்கும் 35, ரிசீவருக்கு 30, சப்புக்கு 25, பின்பக்க இரண்டுக்கும் 10. பின்னால் வருவது பெரும்பாலும் மழை, கூட்டம், எதிரொலி போன்றவை. அங்கே மலிவானது போதும். முன்பக்க மூன்றும் மட்டும் ஒரே நிறுவனத்தின் ஒரே சீரிஸாக இருக்கட்டும். இல்லாவிட்டால் வண்டி இடமிருந்து வலம் போகும்போது நடுவில் அதன் சத்தமே மாறிப்போகும்.

சென்டர் ஸ்பீக்கர் அவசியமா? படுக்கை வசமாக இருப்பதைத்தான் வாங்க வேண்டுமா?

யார், எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. 5.1 படங்களில் வசனத்தின் பெரும்பகுதி சென்டர் சேனலில்தான் இருக்கிறது. ஒருவர் மட்டும் சோஃபாவின் நடுவில் உட்கார்ந்து பார்த்தால், இடமும் வலமும் சேர்ந்தே குரலைத் திரையின் நடுவில் நிறுத்திவிடும். சென்டர் இல்லாதது தெரியவே தெரியாது.

நான்கு பேர் வரிசையாக உட்காரும் வீட்டில் கதை வேறு. ஒரே ஒலி இரண்டு இடங்களிலிருந்து வந்தால், எது முதலில் காதை எட்டுகிறதோ அங்கிருந்துதான் எல்லாம் வருகிறது என்று மூளை முடிவு செய்துவிடும். ஹெல்முட் ஹாஸ் 1949-இல் இதை ஆராய்ந்து எழுதினார். ஓர் அடி வித்தியாசம் ஏறக்குறைய 1 மில்லி விநாடி, அதுவே போதும். இடது ஓரத்தில் இருப்பவருக்கு எல்லாரும் இடது ஸ்பீக்கரிலிருந்து பேசுவார்கள். குடும்பத்தோடு பார்ப்பவர்கள் சென்டர் வாங்குவது அதனால்தான்.

இப்போது படுக்கை வசம். கடைகளில் சென்டர் என்றால் நடுவில் ட்வீட்டர், இரு பக்கமும் ஊஃபர் என்ற நீளப் பெட்டியைத்தான் காட்டுவார்கள். டிவிக்குக் கீழே பொருந்துவதற்காகப் பிறந்த வடிவம் அது. நேர் எதிரில் இருப்பவருக்கு இரண்டு ஊஃபரும் சம தூரம், பிரச்சினை இல்லை. ஓரத்தில் இருப்பவருக்கு ஒன்று பக்கத்தில், இன்னொன்று தள்ளி. இரண்டும் ஒரே குரலைத் தருவதால் சில அதிர்வெண்களில் அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அது நடப்பது பெரும்பாலும் 1,000 முதல் 2,000 ஹெர்ட்ஸை ஒட்டி, பேச்சின் தெளிவு இருக்கும் இடத்திலேயே. ஓரத்தில் உட்கார்ந்தவர்களுக்காகத்தான் சென்டரே வாங்குகிறோம், அவர்களுக்கே அது சரியாகப் பேசாவிட்டால் என்ன பயன்?

இடம் இருந்தால் முன்னால் உள்ள அதே புத்தக அலமாரி ஸ்பீக்கரில் மூன்றாவது ஒன்றை நிமிர்த்தி வைப்பதுதான் சிறந்தது. ஒற்றையாக விற்கச் சில கடைகள் ஒத்துக்கொள்ளும். ஜோடியாகத்தான் கிடைக்கும் என்றால் இரண்டு ஜோடி வாங்கி ஒன்றைப் பின்னர் பயன்படுத்த வைத்துக்கொள்ளலாம். நீளப் பெட்டிதான் வைக்க முடியும் என்றால் நீளம் குறைந்ததைத் தேர்ந்தெடுங்கள். ஊஃபர்கள் நெருங்க நெருங்கக் கோளாறு குறையும். அலமாரியின் விளிம்புவரை முன்னால் இழுத்து, முகம் காதைப் பார்க்கும்படி சற்றுச் சாய்த்து வையுங்கள். அலமாரிக்குள் தள்ளி வைத்தால் குரல் குகைக்குள்ளிருந்து வரும்.

சவுண்ட்பார் போதாதா?

செய்தி, சீரியல், எப்போதாவது ஒரு படம் என்றால் போதும், வயர் தொல்லையும் இல்லை. ஆனால் ஒரு பகுதி கெட்டால் மொத்தமும் போகும். கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொண்டே போக வழியில்லை. பாட்டும் ஆசையாகக் கேட்பவர் என்றால் அதே பணத்தில் ஒரு ஜோடி ஸ்பீக்கருக்குப் போங்கள்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் அசெம்பிள் செய்த 5.1 ஆம்ப்ளிஃபயர் வாங்கலாமா?

இந்தக் கேள்விக்கு முகம் சுளிப்பவர்கள் உண்டு, நான் சுளிக்க மாட்டேன். டிடிஏ7294 சிப் போர்டும் 5200, 1943 டிரான்சிஸ்டர் போர்டும் போட்டு அருமையாகச் செய்து கொடுக்கும் கைதேர்ந்தவர்கள் நம் ஊர்களில் நிறைய இருக்கிறார்கள். ரிப்பேர் என்றால் அவரிடமே கொண்டுபோகலாம்.

வாங்குமுன் இரண்டைக் கேளுங்கள். முதலாவது, உள்ளே உண்மையான டால்பி, டிடிஎஸ் டிகோடர் போர்டு (படத்தில் பதிவான 5.1 ஒலியைப் பிரித்தெடுப்பது) இருக்கிறதா, எச்டிஎம்ஐ அல்லது ஆப்டிகல் வழியாக உள்ளே எடுக்குமா? பல 5.1 போர்டுகள் ஸ்டீரியோவையே பிரித்துக் காட்டுபவை. இடத்தையும் வலத்தையும் கூட்டி சென்டருக்கும், ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துப் பின்னாலும் அனுப்பும். அதில் ஆறு ஸ்பீக்கரும் பாடும், ஆனால் படத்தில் பதிவான 5.1 கிடைக்காது. இரண்டாவது பாதுகாப்பு. இரும்பு கேபினட் என்றால் மூன்று முனை பிளக், எர்த் வயர் கேபினட்டோடு இணைப்பு, ஃப்யூஸ் மூன்றும் இருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

கம்பெனி ரிசீவரின் பெரிய சாதகம் மைக் வைத்து அளந்து ஒவ்வொரு ஸ்பீக்கரின் தூரத்தையும் சத்தத்தையும் தானே சரிசெய்வதுதான். எல்லா மாடலிலும் அது இருக்காது, பார்த்து வாங்குங்கள்.

எல்லாம் மாட்டியும் ஸ்டீரியோதான் வருகிறது. ஏன்?

முக்கால்வாசி நேரம் டிவி செட்டிங்ஸ்தான். ஏஆர்சி என்று எழுதியிருக்கும் எச்டிஎம்ஐ துளையில்தான் ரிசீவரை இணைக்க வேண்டும். டிவியின் ஆடியோ அவுட்புட் பிசிஎம் என்று இருந்தால் ஏஆர்சி வழியாக இரண்டு சேனல்தான் போகும். அதைப் பாஸ்த்ரூ அல்லது பிட்ஸ்ட்ரீம் என்று மாற்றுங்கள். ஆப்டிகல் வயரில் சாதாரண டால்பி டிஜிட்டல் போகும், ஓடிடி ஆப்கள் அனுப்பும் டால்பி டிஜிட்டல் பிளஸ் போகாது. அப்புறம், பார்க்கும் படத்தின் ஒலித்தடமே 5.1 ஆக இருக்க வேண்டும். ஒரே படத்தில் ஒரு மொழிக்கு 5.1-உம் இன்னொரு மொழிக்கு ஸ்டீரியோவும் இருப்பது சகஜம்.

ஸ்பீக்கர்களை எங்கே வைப்பது?

ட்வீட்டர் உட்கார்ந்திருப்பவரின் காது உயரத்தில், ஏறக்குறைய மூன்றேகால் அடியில். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரைப்படி, நேராகப் பார்ப்பதிலிருந்து 30 டிகிரி இடம், 30 டிகிரி வலம். அதாவது இரண்டு ஸ்பீக்கரும் நீங்களும் சம பக்க முக்கோணம். 8 அடி தள்ளி உட்கார்ந்தால் இரண்டுக்கும் நடுவில் 8 அடி. அகலம் இல்லாவிட்டால் 6 அடிகூடப் பரவாயில்லை. பின் ஸ்பீக்கர்கள் 110 டிகிரியில், அதாவது காதுக்குப் பக்கவாட்டில் சற்றே பின்னால். சோஃபா சுவரை ஒட்டியிருந்தால் பக்கச் சுவர்களில், காதுக்கு ஓர் அடி மேலே மாட்டிவிடுங்கள்.

பின்பக்கம் ஓட்டை உள்ள ஸ்பீக்கரைச் சுவரோடு ஒட்டி வைத்தால் குரல் பருத்துக் குழம்பும். சுவரில் மாட்டப்போகிறவர்கள் முன்பக்க ஓட்டை உள்ளதையோ முழுக்க மூடியதையோ வாங்குங்கள்.

நம் ஹால்களின் பெரிய எதிரி டைல்ஸ் தரையும் வெறும் சுவரும். கையைத் தட்டிப் பாருங்கள், ‘டிங்’ என்று திரும்பி வந்தால் வசனமும் அப்படித்தான் சிதறும். டிவிக்கும் சோஃபாவுக்கும் நடுவே ஒரு கனத்த விரிப்பு, ஜன்னலுக்கு மடிப்பு நிறைந்த திரைச்சீலை. ஸ்பீக்கரை மாற்றுமுன் இதைச் செய்யுங்கள்.

சப் ஊஃபர்? கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வருவாரே?

சின்ன ஹாலுக்கு 8 அங்குலம் போதும், 10 இருந்தால் நிறைவு. 12 அடி நீள அறையில் 47 ஹெர்ட்ஸையும், 10 அடி அகலத்தில் 56 ஹெர்ட்ஸையும் அறையே பிடித்து வைத்துக்கொண்டு சில இடங்களில் வீங்கவும் சில இடங்களில் காணாமல் போகவும் செய்யும். அதனால் சப்பைத் தற்காலிகமாகச் சோஃபாவில் நீங்கள் உட்காரும் இடத்தில் வைத்து, ஒரே பேஸ் வாசிப்பைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, சுவரோரமாகக் குனிந்து நடந்து கேளுங்கள். எங்கே சீராகக் கேட்கிறதோ அங்கே சப்பை மாற்றுங்கள். வேடிக்கையாகத் தோன்றினாலும் இதைவிட நல்ல வழி இல்லை.

கீழ்வீட்டுக்காரர் விஷயத்தில் அடியில் வைக்கும் ஃபோம் ஓரளவுதான் உதவும், பேஸ் கான்கிரீட் வழியாக இறங்கத்தான் செய்யும். இரவில் சப்பின் அளவைக் குறைத்து, ரிசீவரில் நைட் மோடைப் போடுங்கள். மெல்லிய வசனம் உயரும், வெடிச் சத்தம் அடங்கும்.

வயருக்கு எவ்வளவு செலவு செய்யலாம்?

குறைவாக. 16 கேஜ் செம்பு வயர் 10 மீட்டர் வரை தாராளம். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய வயர் மலிவு, ஆனால் மின்தடை கூடுதல், நம் கடலோரக் காற்றில் முனைகள் சீக்கிரம் கறுக்கும். வெட்டிய முனை வெள்ளையாக இருந்தால் வாங்காதீர்கள். எல்லா ஸ்பீக்கரிலும் சிவப்பு சிவப்போடு சேர வேண்டும். ஒன்று மாறினாலும் குரல் நடுவில் நிற்காது.

பின் ஸ்பீக்கரை புளூடூத்தில் போடலாமா?

வேண்டாம். சாதாரண புளூடூத் ஒலி 150, 200 மில்லி விநாடி தாமதமாக வரும். முன்னால் கதவு சாத்திய பிறகு பின்னால் சாத்தும்.

டால்பி அட்மாஸ், அதாவது தலைக்கு மேலிருந்தும் வரும் ஒலி?

குறைந்த செலவில் வேண்டாம் என்பேன். மேல்நோக்கி ஒலிக்கும் ஸ்பீக்கருக்கு டால்பி சொல்வது 7½ முதல் 12 அடி உயரச் சமதளக் கூரை. நம் வீட்டுக் கூரை பொருந்தும், ஆனால் நடுவில் ஃபேன் சுற்றுகிறது. அந்தப் பணத்தை முன் ஸ்பீக்கரில் போடுங்கள்.

கடையில் எதைக் கேட்டுப் பார்ப்பது?

கடைக்காரர் போடும் வெடிச் சத்தக் காட்சியை அல்ல. உங்களுக்கு மனப்பாடமான, தமிழ் வசனம் நிறைந்த ஒரு காட்சியைப் பென்டிரைவில் கொண்டுபோங்கள். ஆண் குரல், பெண் குரல், குழந்தைக் குரல் மூன்றும் இருந்தால் நல்லது. சத்தத்தை நன்றாகக் குறைத்துக் கேளுங்கள். அப்போதும் ஒவ்வொரு வார்த்தையும் புரிகிறதா? பிறகு நாற்காலியை ஓரத்துக்கு நகர்த்திக் கேளுங்கள். நேரில் மட்டும் நன்றாகவும் ஓரத்தில் மங்கலாகவும் இருந்தால் அது குடும்பத்துக்கு உதவாது. இரண்டு ஸ்பீக்கரை ஒப்பிடும்போது சத்தத்தைச் சமமாக வைக்கச் சொல்லுங்கள். கொஞ்சம் சத்தமாக ஓடுவதுதான் எப்போதும் நல்லதாகத் தோன்றும்.

பழைய ஸ்பீக்கர் வாங்கலாமா?

தாராளமாக. இந்தச் செலவில் நல்ல தரத்தை எட்ட அதுதான் குறுக்குவழி. வலையைக் கழற்றி, கோனைச் சுற்றியுள்ள வளையத்தை விரலால் தொட்டுப் பாருங்கள். ரப்பர் என்றால் பல ஆண்டுகள் தாங்கும். ஃபோம் நம் ஊர்ப் புழுக்கத்தில் பொடிந்துபோகும். உதிர்ந்தால் மாற்றும் செலவைப் பேரத்தில் கழியுங்கள். கோனை இரு பக்கமும் சமமாக அழுத்தம் கொடுத்து மெதுவாக உள்ளே தள்ளுங்கள். உரசும் சத்தம் வந்தால் உள்ளே இருக்கும் காயில் (கம்பிச்சுருள்) போய்விட்டது. ட்வீட்டரைத் தொடாதீர்கள், அதில் காதை வைத்துக் கேட்டால் போதும். கையோடு ஒரு 1.5 வோல்ட் பென்டார்ச் பேட்டரியும் இரண்டு துண்டு வயரும் கொண்டுபோங்கள். பிளஸ்ஸைச் சிவப்பிலும் மைனஸைக் கறுப்பிலும் ஒரு கணம் தொட்டால் ஊஃபர் வெளியே வர வேண்டும். உள்ளே போனால், முன்பு யாரோ கழற்றி வயரை மாற்றிக் கோத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஜோடியில் இரண்டையும் தனித்தனியே சோதியுங்கள்.